டேட்டா சென்டர் வரும் ஊரும் கடைக்காரர் கணக்கும்



கால் கிலோ துவரம் பருப்பு வாங்கும் வாடிக்கையாளர் கைப்பேசியை எடுத்து, நம் கல்லாவில் ஒட்டியிருக்கும் அட்டைக்கு நேரே காட்டுகிறார். பணம் வந்துவிட்டது என்று பக்கத்திலுள்ள சின்னப் பெட்டி குரல் கொடுக்கிறது. இடைப்பட்ட அந்த இரண்டு நொடியில் கணக்கு எங்கே நடந்தது? ஏதோ ஓர் ஊரில், சன்னலே இல்லாத பெரிய கட்டடத்துக்குள், வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் நடந்தது. அந்தக் கட்டடத்துக்குத்தான் டேட்டா சென்டர் என்று பெயர். தமிழில் தரவு மையம் என்று எழுதுகிறார்கள்.

பணப் பரிமாற்ற விவரங்களை இந்தியாவுக்குள்ளேயே சேமித்து வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதன் பிறகு இக்கட்டடங்கள் நம் நாட்டில் பெருகின. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் என்பதால் சென்னைக்கு இதில் முக்கிய இடம் உண்டு. தமிழ்நாடு அரசு 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆகவே இது யாரோ எங்கோ செய்யும் தொழில் என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

இத்தகைய கட்டடம் ஓர் ஊருக்கு வந்தால் அங்குள்ள வணிகருக்கு என்ன வரும், என்ன போகும்? எந்த நிபந்தனையை ஊர் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்? இதை அறிய, இந்தத் தொழிலோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தும் ஓர் இடத்தின் வரவு செலவைப் பார்ப்பதே நல்ல வழி. இம்மாதப் பாடமாக அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள லவுடன் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. ஆனால் வரி போடவும், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று விதி வகுக்கவும் அதன் மன்றத்துக்கு நேரடி அதிகாரம் உண்டு.

கம்ப்யூட்டர் கிடங்காக மாறிய கவுண்டி

லவுடன் கவுண்டி தலைநகர் வாஷிங்டனுக்கு வடமேற்கே உள்ளது. மக்கள் தொகை நான்கு லட்சத்துக்கு மேல். ஒரு காலத்தில் பால் பண்ணைகளும் குதிரை லாயங்களும் நிறைந்த பகுதி. 1990களில் அமெரிக்காவின் இணையக் கம்பிகள் வாஷிங்டன் அருகே ஒன்றுகூடியதால், அவற்றுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வைக்க நிறுவனங்கள் விரும்பின. லவுடனிலுள்ள ஆஷ்பர்ன் என்ற ஊரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எழுந்தன. 2025இல் கவுண்டியில் ஏறக்குறைய 200 டேட்டா சென்டர்கள் இயங்கின. வடக்கு வர்ஜீனியா முழுவதையும் சேர்த்தால், உலகத்தில் இயங்கும் டேட்டா சென்டர் கொள்ளளவில் 13 சதவீதம் அங்கேதான் என்று மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கை ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் கணக்கிட்டது.

அந்தக் குழுவின் அறிக்கையை நாம் இக்கட்டுரையில் பலமுறை எடுத்தாளப்போகிறோம். அது தொழிலுக்கு ஆதரவாகவோ எதிராகவோ எழுதப்பட்டதல்ல. ஒரு நல்ல கணக்குப்பிள்ளை எழுதுவதுபோல் இரண்டு பக்கத்தையும் எழுதியிருக்கிறது.

வரவுப் பக்கம்: வரி வரும் வழி

முதலில் வரவைப் பார்ப்போம். அது சாதாரண வரவல்ல.

லவுடனில் நிலம், கட்டடம் ஆகியவற்றுக்கு மட்டுமல்லாமல், வணிகர் வைத்திருக்கும் சாமான்களுக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு. மளிகைக் கடைக்காரர் தம் அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் கட்டுகிறார். டேட்டா சென்டர் தன் கம்ப்யூட்டர்களுக்குக் கட்டுகிறது. 2025இல் கம்ப்யூட்டர் கருவிகளுக்கான விகிதம் மதிப்பில் 100 டாலருக்கு 4.15 டாலர். வாங்கிய விலை முழுவதையும் மதிப்பாக எடுப்பதில்லை. முதல் ஆண்டு பாதி, இரண்டாம் ஆண்டு 40 சதவீதம், பிறகு 30, 20, அதற்கப்புறம் 10 என்று மதிப்பு இறங்கிக்கொண்டே வரும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் டாலருக்குக் கம்ப்யூட்டர் வாங்கினால், முதல் ஆண்டு மதிப்பு 5 லட்சம். வரி 20,750 டாலர். இரண்டாம் ஆண்டு மதிப்பு 4 லட்சம், வரி 16,600. ஐந்தாம் ஆண்டில் 4,150 தான். ஆனால் இந்தத் தொழிலில் சில ஆண்டுக்கு ஒருமுறை பழையதைக் கழித்துப் புதியது வாங்குவது வழக்கம். புதிய சரக்கு இறங்கும்தோறும் வரியும் ஏறும். ஒரே கட்டடத்துக்குள் பல கோடி டாலர் பெறுமான கருவிகள் இருப்பதால் தொகை மலைபோல் சேர்ந்துவிடுகிறது.

2025 நிதியாண்டில் டேட்டா சென்டர்களிடமிருந்து லவுடன் எதிர்பார்த்த வரி வருவாய் சுமார் 90 கோடி டாலர். கவுண்டியின் சொத்துவரி வருவாயில் இது ஏறக்குறைய பாதி. இவற்றுக்காகக் கவுண்டி ஒரு டாலர் செலவு செய்தால் 26 டாலர் வரியாகத் திரும்பி வருகிறது என்று கவுண்டி நிர்வாகமே கூறுகிறது. காரணம் எளிது. டேட்டா சென்டருக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம், தெருவில் வண்டி நெரிசலும் இல்லை.

இதன் பயன் பொதுமக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. வீடு, கடை முதலிய கட்டடங்களுக்கான சொத்துவரி 2010இல் 100 டாலர் மதிப்புக்கு 1.30 டாலராக இருந்தது, 2025இல் 0.805 டாலராகக் குறைந்தது. சொத்து மதிப்பு ஏறியிருப்பதால் கட்டும் தொகை அதே அளவுக்கு இறங்கவில்லை. என்றாலும் இந்தத் தொழில் இல்லாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை அவ்வூர்க் கடைக்காரர் அறிவார். இதை நாம் மறைக்காமல் எழுத வேண்டும். லவுடன் மக்கள் பல ஆண்டுகள் இத்தொழிலை வரவேற்றதற்கு நியாயம் இருந்தது.

ஒரே பெரிய வாடிக்கையை நம்பிய கடை

ஒரு மொத்த வியாபாரி தன் விற்பனையில் பாதியை ஒரே ஓட்டலுக்குக் கொடுத்தால் அவர் நிம்மதியாகத் தூங்க முடியுமா? ஓட்டல்காரர் ஒரு மாதம் சரக்கு எடுப்பதைத் தள்ளிப்போட்டாலும் இவருக்குக் கிடங்கு வாடகை கொடுக்க முடியாது.

லவுடனுக்கும் அந்த அனுபவம் வந்தது. 2021இல் கம்ப்யூட்டர் வரி வருவாய், எதிர்பார்த்ததைவிட சுமார் 6 கோடி டாலர் குறைந்தது. கட்டடங்கள் அங்கேதான் இருந்தன. உள்ளே கருவி மாற்றும் வேகத்தைத்தான் கவுண்டியால் சரியாகக் கணிக்க முடியவில்லை. மேலே சொன்ன இறங்குமுக மதிப்பில் இந்த ஆபத்து அடங்கியிருக்கிறது. நிறுவனம் புதிய கருவி வாங்குவதை ஓராண்டு நிறுத்தினாலே ஊரின் பட்ஜெட் ஆட்டம் காணும். அந்த முடிவை எடுப்பவர் ஊரில் இருப்பவர் அல்லர்.

கட்டும்போது கூட்டம், கட்டிய பிறகு?

நம்மைப் போன்ற கடைக்காரர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சட்டமன்றக் குழுவின் அறிக்கைப்படி, சுமார் இரண்டரை லட்சம் சதுர அடி கொண்ட ஒரு டேட்டா சென்டரைக் கட்டும்போது, வேலை உச்சத்தில் இருக்கும் காலத்தில் 1,500 பேர் வரை பணியாற்றுவார்கள். கட்டி முடித்தபின் நிரந்தரமாக வேலை செய்பவர்கள் சுமார் 50 பேர். அவர்களிலும் ஒரு பங்கு ஒப்பந்தப் பணியாளர்.

1,500 பேர் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். அரிசி, பருப்பு, எண்ணெய், பீடி, தீப்பெட்டி, டீத்தூள் என்று எல்லாம் ஓடும். மெஸ் நடத்துபவர் மூட்டைக் கணக்கில் எடுப்பார். அதை நம்பி நாம் பக்கத்துக் கடையையும் வாடகைக்குப் பிடிப்போம். நம் வட்டாரத்தில் ஒரு பெரிய கட்டுமானம் நடந்தபோது, நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு மெஸ்களுக்கும் ஒரு மேஸ்திரிக்கும் பற்று வரவு வைத்துக் கொடுத்தார். ஒன்றரை வருடம் வியாபாரம் பிரமாதம். கடைசிக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்த வாரத்தில் மேஸ்திரியின் ஆட்கள் லாரி ஏறிவிட்டார்கள். பற்று நோட்டில் நின்ற தொகை இன்றும் நோட்டிலேயே நிற்கிறது. கூடுதலாகப் பிடித்த கடைக்கு முன்பணம் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று.

துணி ஆலையோ உதிரிபாகத் தொழிற்சாலையோ வந்தால் மூன்று ஷிப்டு ஆட்கள் வருவார்கள்; தெரு முழுவதும் கடை பிழைக்கும். டேட்டா சென்டர் அப்படியல்ல. ஏக்கர் கணக்கில் நிலம் எடுக்கும், ஆள் எடுக்காது. அதனால் ஊருக்கு வரும் பயன் வரி வழியாகத்தான் வர வேண்டும். வரி ஒழுங்காக வரவில்லையென்றால் வேறு வழியில் ஈடு கட்ட முடியாது.

நிலத்தின் கதையும் உண்டு. லவுடனின் டேட்டா சென்டர் பகுதியில் ஏக்கர் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த விலைக்கு வாங்கி ஒரு மொத்தக் கிடங்கோ, மரக்கடையோ, வண்டி பழுது பார்க்கும் பட்டறையோ நடத்த முடியுமா? இருப்பவரும் விற்றுவிட்டுப் போகவே ஆசைப்படுவார். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த ஆசைக்கும் வழியில்லை. காலி செய்யச் சொல்லித் தாக்கீது வரும்.

வர்ஜீனியா மாநிலம் தரும் சலுகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 15 கோடி டாலர் முதலீடு, 50 வேலை என்பன போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றும் டேட்டா சென்டர் வாங்கும் கருவிகளுக்கு அங்கே விற்பனை வரி இல்லை. 2023 நிதியாண்டில் மட்டும் இப்படி விட்டுக்கொடுத்த வரி சுமார் 93 கோடி டாலர். பெட்டிக்கடைக்காரர் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் வரி உண்டு. ஆயிரக்கணக்கில் வாங்குபவருக்கு இல்லை. தொழிலை இழுக்க இது தேவை என்பது மாநிலத்தின் வாதம். சலுகைக் கணக்கைப் பார்க்காமல் வரவுக் கணக்கை மட்டும் பார்ப்பது பாதி ஐந்தொகை என்பது நம் வாதம்.

'உரிமைப்படி' என்ற ஒரே சொல்

இனி விதிகளுக்கு வருவோம். லவுடனின் பல பகுதிகளில் டேட்டா சென்டர் கட்டுவது நீண்ட காலம் 'உரிமைப்படி' அனுமதிக்கப்பட்ட உபயோகமாக இருந்தது. அதாவது அந்த வகை நிலம் கையில் இருந்தால், உயரம், இடைவெளி போன்ற பொது விதிகளுக்குப் பொருந்தும் வரைபடத்தை அதிகாரியிடம் கொடுத்தால் போதும். மன்றத்தின் முன் வர வேண்டியதில்லை. பொது விசாரணை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் யாரும் ஒரு சொல் பேச இடமில்லை.

தொழில் சிறியதாக இருந்தபோது இது யாருக்கும் உறுத்தவில்லை. கட்டடங்கள் வீட்டு மதிலை ஒட்டி எழும்பத் தொடங்கியபின் உறுத்தியது. குளிரூட்டும் விசிறிகளின் ரீங்காரம் இரவும் பகலும் கேட்டது. மின்தடை வந்தால் ஓடுவதற்கு வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள் நின்றன. உயர் மின்கோபுரங்கள் புதுப் பாதை கேட்டன. மன்ற உறுப்பினரிடம் மக்கள் முறையிட்டபோது, 'சட்டம் இடம் கொடுத்திருக்கிறது, நாங்கள் என்ன செய்வது' என்ற நிலைதான் இருந்தது.

2025 மார்ச் 18 அன்று லவுடன் மன்றம் அந்த உரிமையை நீக்கியது. இனி எந்தப் புதிய டேட்டா சென்டரும் பொது விசாரணைக்கு வந்து, மன்றத்திடம் சிறப்பு அனுமதி பெற வேண்டும். நல்ல முடிவு. ஆனால் எப்போது வந்தது? ஏறக்குறைய 200 கட்டடம் எழும்பிய பிறகு. முன்பே அனுமதி பெற்றதை யாரும் திருப்பி வாங்க முடியாது. விலை பேசாமல் சரக்கை வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டி ஊர் எல்லையைத் தாண்டியபின் விலை பேசுவது போன்றது இது.

பக்கத்திலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 2024 செப்டம்பரில் இன்னும் தெளிவாக விதி எழுதியது. குடியிருப்பு மனையின் எல்லையிலிருந்து கட்டடம் 200 அடி தள்ளி இருக்க வேண்டும். மெட்ரோ ரயில் நிலைய வாசலிலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்க வேண்டும். சத்தம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே ஆய்வு கொடுக்க வேண்டும். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள இடம் மனிதர் நடமாடும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் உரியது என்ற நினைப்பு அந்த ஒரு மைல் விதியில் இருக்கிறது. வணிகராகிய நமக்கு இது மிகவும் பிடித்த விதி.

ஒரு விளம்பர அறிவிப்பின் விலை

லவுடனுக்குத் தெற்கே பிரின்ஸ் வில்லியம் கவுண்டி இருக்கிறது. அண்டை வீட்டுக்காரரின் வரி வருவாயைப் பார்த்து அதற்கும் ஆசை வந்தது. மனாசஸ் என்ற இடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த தேசியப் போர்க்களப் பூங்கா உள்ளது. அதன் பக்கத்தில் 2,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் 37 வரை டேட்டா சென்டர்கள் கட்ட ஒரு மாபெரும் திட்டம் வந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. நிலம் விற்க விரும்பியவர் ஒரு பக்கம், எதிர்த்தவர் மறுபக்கம். 2023 ஜூனில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில், திட்டத்தை ஆதரித்த மன்றத் தலைவர் ஆன் வீலர் தோற்றார். எதிர்த்த டெஷண்ட்ரா ஜெஃபர்சன் வென்று, பிறகு தலைவரும் ஆனார். ஆனால் புதிய மன்றம் பொறுப்பேற்கும் முன்பே, பழைய மன்றம் 2023 டிசம்பரில் பொது விசாரணையைத் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக மக்கள் எழுந்து பேச, விசாரணை சுமார் 27 மணி நேரம் நீடித்தது. இறுதியில் 4க்கு 3 என்ற கணக்கில், ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்க, திட்டம் நிறைவேறியது.

கதை அதோடு முடியவில்லை. அப்பகுதி மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த நில வகை மாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். காரணம் இரைச்சலோ தண்ணீரோ வரலாற்றுச் சின்னமோ அல்ல. பொது விசாரணை பற்றிய அறிவிப்பு சட்டம் சொன்ன முறைப்படி, சொன்ன கால இடைவெளியில் நாளிதழில் வெளிவரவில்லை என்பதே காரணம். தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் பல நூறு கோடி டாலர் திட்டம் ஒன்றை நாளிதழின் கடைசிப் பக்கத்தில் வரும் பொடி எழுத்து விளம்பரம் தடுத்து நிறுத்தியது என்பது உண்மை.

நாம் காலையில் பேப்பர் வாங்கியதும் விலை நிலவரமும் அரசியலும் படித்துவிட்டு, மிச்சத்தைப் பொட்டலம் மடிக்க வைத்துவிடுகிறோம். பொட்டலம் மடித்த அந்தப் பக்கத்தில் நம் தெருவின் விதி அச்சாகியிருக்கலாம்.

அதே கவுண்டி இன்னொரு பாடமும் தருகிறது. ஆரம்பத்தில் தொழிலை இழுக்கக் கம்ப்யூட்டர் வரியை லவுடனைவிட மிகக் குறைவாக வைத்திருந்தது. பிறகு படிப்படியாக உயர்த்தி, 2023இல் 100 டாலருக்கு 2.15 ஆக இருந்ததை 2024இல் 3.70 ஆக்கியது. தொழில் வேரூன்றியபின் விலை ஏற்றலாம் என்பது ஒரு கணக்கு. ஆனால் குறைந்த வரியில் கடந்துபோன ஆண்டுகளின் வருவாய் போனது போனதுதான்.

மின்சாரச் செலவு யார் தலையில்?

டேட்டா சென்டரின் முக்கியக் கச்சாப்பொருள் மின்சாரம். 2022 ஜூலையில், கிழக்கு லவுடனின் சில பகுதிகளில் புதிய டேட்டா சென்டர்களுக்கு உடனே மின்சாரம் தர முடியாது என்று மின் நிறுவனமான டொமினியன் அறிவித்தது. மின் உற்பத்தியைவிட, மின்சாரத்தைக் கொண்டுவரும் உயர் அழுத்தப் பாதைகள் போதாததே அன்றைய தடை.

புதிய பாதைகளும் உற்பத்தி நிலையங்களும் கட்டினால் செலவு யாருடையது? சட்டமன்றக் குழுவின் அறிக்கை கவனமாகப் பேசுகிறது. 2024 வரை டேட்டா சென்டர்கள் தங்களுக்கான செலவைத் தாங்களே கொடுத்து வந்தன என்கிறது. ஆனால் தேவை இதே வேகத்தில் ஏறினால், சாதாரண வீட்டு இணைப்பின் கட்டணத்தில் 2040க்குள் மாதம் 14 முதல் 37 டாலர் வரை கூடலாம் என்றும் எச்சரிக்கிறது. வீட்டுக்குக் கூடினால் கடைக்குக் கூடாமல் இருக்குமா? பால், தயிர், ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்பெட்டி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறதே.

இதற்கு வர்ஜீனியா மின் ஒழுங்குமுறை ஆணையம் 2025 நவம்பரில் ஒரு முறை வகுத்தது. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்கும் பெரும் நுகர்வோருக்குத் தனி வகுப்பு. அது 2027 முதல் நடைமுறைக்கு வரும். அவர்கள் 14 ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்ய வேண்டும். கேட்ட அளவு மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மின்பாதைச் செலவில் 85 சதவீதமும் உற்பத்திச் செலவில் 60 சதவீதமும் கட்டியாக வேண்டும். கல்யாண மண்டபம் பதிவு செய்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்றால் வாடகை குறையுமா? அதே நியாயம்தான்.

தண்ணீரில் லவுடன் ஒரு நல்ல வழி கண்டது. குளிரூட்டலுக்குக் குடிநீரைக் கொடுக்காமல், சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக் குழாய் போட்டு விற்கிறது. எல்லா மையங்களுக்கும் அது போய்ச் சேரவில்லை என்றாலும், வழி சரியானது.

உள்ளூர் அதிகாரத்தின் எல்லை

உள்ளூர் மன்றம் நினைத்தால் எல்லாம் நடக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. இரண்டு உதாரணங்கள் சொல்வோம்.

அரிசோனா பாலைவனத்திலுள்ள டூசான் நகரம், 290 ஏக்கரில் வரவிருந்த ஒரு டேட்டா சென்டர் திட்டத்தை நகர எல்லைக்குள் சேர்க்க மறுத்து 2025 ஆகஸ்ட் 6 அன்று ஒருமனதாக வாக்களித்தது. தண்ணீர்ப் பயமே பெரிய காரணம். திட்டக்காரர்கள் விட்டுவிடவில்லை. நகரத்தின் தண்ணீர் தேவைப்படாத வேறு குளிரூட்டும் முறையோடு, நகர எல்லைக்கு வெளியே கவுண்டி நிலத்திலேயே தொடர முயன்றார்கள்.

அயர்லாந்தில் மொத்த மின் நுகர்வில் டேட்டா சென்டர்களின் பங்கு 2015இல் 5 சதவீதம். 2023இல் 21 சதவீதம். தலைநகரை ஒட்டிய தெற்கு டப்ளின் மன்றம் 2022 ஜூனில் தன் வளர்ச்சித் திட்டத்தில் புதிய டேட்டா சென்டர்களுக்குத் தடை போட்டது. மேலே இருந்த அமைச்சர் அதே ஆண்டில் அந்தத் தடையை நீக்க உத்தரவிட்டார். ஒட்டுமொத்தத் தடை மேலிடத்தில் நிற்கவில்லை. ஃபேர்ஃபாக்ஸ் போல் இவ்வளவு தூரம், இவ்வளவு சத்தம் என்று அளந்து எழுதிய நிபந்தனைதான் நிற்கிறது.

நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால்

லவுடனின் லாபத்தில் பெரும்பகுதி எதிலிருந்து வந்தது என்பதை மறுபடி நினைவுபடுத்திக் கொள்வோம்: கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு உள்ளூர் மன்றம் போடும் வரி. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்கு அந்த வரி இல்லை. நம் சொத்துவரி கட்டடத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. உள்ளே பத்துக் கோடி ரூபாய்ச் சாமான் இருந்தாலும் ஆயிரம் கோடி ரூபாய்ச் சாமான் இருந்தாலும் பரப்பு ஒன்றுதான். ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. ஊழியர் தலைக்கு வரும் தொழில்வரி உள்ளாட்சிக்கு உண்டு. ஆனால் ஊழியரே சொற்பம்.

ஆகவே அமெரிக்காவைக் காட்டி 'டேட்டா சென்டர் வந்தால் உங்கள் ஊர் வரி குறையும்' என்று யாராவது மேடையில் பேசினால், எந்த வரியிலிருந்து, எந்தச் சட்டப்படி என்று நாம் எழுந்து கேட்க வேண்டும். அங்கே 26 டாலர் திரும்பி வரக் காரணமான வரி இங்கே இல்லை. ஈடாக வேறு என்ன தருவீர்கள் என்று கேட்பது நம் கடமை. சாலை, மழைநீர் வடிகால், துணை மின்நிலையம், சுத்திகரித்த நீருக்கான குழாய் என்று கைக்கு வரும் பொருளாகவே கேட்கலாம்.

நமக்குத் தண்ணீர் விளையாட்டல்ல. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பல ஓட்டல்கள் அன்று வேளையைக் குறைத்தன. அவற்றுக்குச் சரக்கு போட்ட நம்மவர் வியாபாரமும் குறைந்தது.

நம் சட்டத்தில் நமக்குள்ள வாசல்களையும் அறிய வேண்டும். நில உபயோக வகையை மாற்றும்போது நாளிதழில் அறிவித்து ஆட்சேபணை கேட்கும் முறை இங்கும் உண்டு. கெடு குறுகியது, தவறவிட்டால் வாசல் சாத்திவிடும். கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் கொடுக்கலாம். வார்டு உறுப்பினர் நம் கடைக்கு வந்து வாக்குக் கேட்டவர்தான். டேட்டா சென்டர் வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமல்ல. நம் பில்லும் பணமும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. பேரம் பேசாமல் எதையும் வாங்காத நாம், ஊருக்காகவும் அதேபோல் பேச வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

மாதக் கூட்டத்தில் பேசுவதற்கு

கிளைச் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. நம் வட்டாரத்தில் பெரிய நிலம் அண்மையில் கைமாறியிருக்கிறதா? அதன் உபயோக வகை என்ன? மாற்றம் கேட்டிருக்கிறார்களா?

2. நாளிதழ் அறிவிப்புகளைத் தினமும் படித்துக் கத்தரித்து வைக்கும் பொறுப்பை எந்த உறுப்பினர் ஏற்பார்? மாதம் ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாமா?

3. பெரும் கட்டுமானம் தொடங்கினால், மெஸ்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் கடன் கொடுப்பதற்கு எல்லாக் கடைகளும் ஒரே உச்சவரம்பு வைப்போமா? வேலை முடியும் தேதியை முன்பே கேட்டறிந்து, அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே பற்று கொடுப்பதை நிறுத்துவோமா?

4. கடைத்தெரு, பேருந்து நிலையம், சந்தை ஆகியவற்றிலிருந்து இத்தகைய கட்டடம் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்போம்? அளவைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். 'மிகவும் தள்ளி' என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

5. குளிரூட்டலுக்கு எந்தத் தண்ணீர், இரவில் எவ்வளவு சத்தம், மின்பாதைச் செலவு யாருடையது: இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்டு மனு கொடுக்க முடியுமா?

ஐந்திலும் முக்கியமானது இரண்டாவது. மற்றதெல்லாம் நேரத்தில் தெரிந்தால்தான் பயன்படும். பேப்பரைப் பொட்டலத்துக்கு எடுக்கும் முன் ஒருமுறை கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள்.